வளாகத்துக்குள் துப்பாக்கி யாரைக் காக்கும்?

2015 அக்டோபர் 9 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா, ஒரிகன் மாகாணத்தின் ரோஸ்பர்க் என்ற சிறு நகருக்குச் சென்றார். எட்டு நாள்களுக்கு முன்பு அங்குள்ள அம்ப்குவா சமுதாயக் கல்லூரியில் மாணவர் ஒருவர் வகுப்பறைக்குள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார். அவர்களுடைய குடும்பத்தினருக்கு ஆறுதல் கூறவே அந்தப் பயணம். அதே நாள், பொழுது விடிவதற்கு முன்பே, அரிசோனா மாகாணத்தின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக வளாகத்தில் இன்னொரு துப்பாக்கிச்சூடு நடந்துவிட்டது. நள்ளிரவுக்குப் பிறகு மாணவர்களிடையே மூண்ட தகராறு கைகலப்பானது. முதலாண்டு மாணவர் ஒருவர் தமது காரில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்து வந்து சுட்டார். ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். சுட்ட மாணவர் சொன்னது ஒன்றுதான்: என்னைத் தாக்கினார்கள், உயிருக்கு அஞ்சிச் சுட்டேன்.

இரண்டையும் செய்திகள் 'வளாகத் துப்பாக்கிச்சூடு' என்ற ஒரே தலைப்பில்தான் பதிவு செய்தன. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு வகைப்பட்டவை. முன்னது திட்டமிட்ட படுகொலை. பின்னது கையில் ஆயுதம் இல்லாதிருந்தால் வீங்கிய முகங்களோடு முடிந்திருக்கக்கூடிய சண்டை. கல்லூரிக்குள் துப்பாக்கியை அனுமதிக்கலாமா, தடை செய்யலாமா என்று அமெரிக்காவில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசுகிறது. நடைமுறையில் அந்த விதி ஆளுவதோ பெரும்பாலும் இரண்டாம் வகையைத்தான். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் இவ்விவாதத்தைப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் கருத்து.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. 2023-24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் பதிவாகியிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர். கட்டணம், தரவரிசை, வேலைவாய்ப்பு என அனைத்தையும் விசாரிக்கும் பெற்றோர், அந்த வளாகத்தின் ஆயுத விதி என்ன என்று விசாரிப்பது அரிது.

தற்காப்பு என்று சட்டம் எதைச் சொல்கிறது?

'தற்காப்புக்காகச் சுட்டேன்' என்று ஒருவர் கூறினால் மட்டும் குற்றம் நீங்கிவிடாது. அமெரிக்கச் சட்ட மரபில் அதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும். நேற்றைய மிரட்டலோ நாளைய அச்சமோ போதாது. பலப்பிரயோகம் தவிர்க்க இயலாததாக இருக்க வேண்டும். எதிர்கொண்ட தாக்குதலுக்குப் பொருந்தும் அளவில் அது அமைய வேண்டும். உயிரைப் பறிக்கும் பதிலடிக்கு, உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சம் தேவை. சண்டையைத் தொடங்கியவர் இந்த உரிமையைப் பொதுவாக இழக்கிறார்.

பழைய ஆங்கிலச் சட்ட மரபில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பொது இடத்தில் பாதுகாப்பாக விலகிச் செல்ல வழி இருந்தால், உயிரைப் பறிப்பதற்கு முன் விலகிச் செல்ல வேண்டும். வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டுமே விலக்கு. இந்தியச் சட்டத்தின் தனிமனிதத் தற்காப்பு உரிமையிலும் இதனோடு ஒத்த ஓர் எல்லை உண்டு: அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருக்குமானால் அந்த உரிமை எழாது. அமெரிக்காவிலோ விலகிச் செல்லும் கடமை பல மாகாணங்களில் படிப்படியாக நீக்கப்பட்டது. 2005இல் புளோரிடா இயற்றிய சட்டம் அந்தப் போக்கை வேகப்படுத்தியது. சட்டப்படி ஓரிடத்தில் நிற்க உரிமை பெற்றவர் அங்கேயே நின்று எதிர்க்கலாம், பின்வாங்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

அரிசோனா இன்னும் ஒரு படி மேலே சென்றது. தற்காப்பு என்று குற்றம்சாட்டப்பட்டவர் போதிய ஆதாரத்துடன் கூறினால், அது தற்காப்பு அன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவும் பொறுப்பு 2006 முதல் அரசுத் தரப்பைச் சேர்ந்தது. இந்தப் பின்னணியில்தான் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக வழக்கைப் பார்க்க வேண்டும். தம்மைத் தாக்கியவர்களிடமிருந்து விலகி காரை அடைந்த மாணவர், துப்பாக்கியுடன் திரும்பி வந்தது ஏன் என்று கேட்டது அரசுத் தரப்பு. அவரது அச்சம் உண்மையானது, மற்றவர்கள் அவரை நோக்கி வந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. 2017இல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் விசாரணை முறிந்தது. 2018இல் மரணம் விளைவித்த குற்றத்தைக் குறைந்த பிரிவில் அந்த மாணவர் ஒப்புக்கொண்டு, ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

அந்தப் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தடை செய்திருந்தது. ஆனால் பூட்டிய காருக்குள் வைத்திருப்பதற்கு அனுமதி உண்டு. விடுதி அறைக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் இடையே உள்ள சில நூறு அடிகள்தாம் தடைக்கும் அனுமதிக்கும் இடைப்பட்ட தொலைவு. கோபமும் அச்சமும் தணிய அந்தத் தொலைவு போதவில்லை.

இருநூறு ஆண்டு பழைய தடை

கல்லூரிகளில் ஆயுதத் தடை என்பது அண்மைக்காலப் படுகொலைகளுக்குப் பிறகு பிறந்தது என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு இல்லை. தாமஸ் ஜெஃபர்சன் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, 1824 அக்டோபரிலேயே மாணவர்கள் வளாகத்தில் எவ்வகை ஆயுதத்தையும் வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று விதி செய்தது. ஜெஃபர்சனும், அமெரிக்க அரசமைப்பின் தந்தை என அறியப்படும் ஜேம்ஸ் மேடிசனும் அக்குழுவின் உறுப்பினர்கள். ஆயுதம் ஏந்தும் உரிமையைத் தரும் இரண்டாம் திருத்தத்தைக் காங்கிரசில் முன்மொழிந்தவரே மேடிசன்தான். குடிமக்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்ற மனிதருக்கு, மாணவர் வளாகத்தில் அது வேண்டாம் என்பதில் முரண்பாடு தோன்றவில்லை.

ஆயினும் அந்தத் தடை காகிதத்தில் இருந்ததாலேயே அமைதி நிலவிவிடவில்லை. 1840 நவம்பரில் அதே வளாகத்தில் முகமூடி அணிந்து கலகம் செய்த மாணவர் ஒருவரை அடையாளம் காண முயன்ற சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் சுடப்பட்டு, சில நாள்களில் இறந்தார். ஆகவே, அமெரிக்க வளாகங்களில் தடையும் பழையது. தடையை மீறிய துப்பாக்கியும் பழையது.

பள்ளிகளைச் சுற்றித் துப்பாக்கியைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் உண்டு. கல்லூரிகளுக்கு அப்படி நாடு தழுவிய சட்டம் இல்லை. ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு வழியில் செல்கிறது. யூட்டா மாகாணத்தில் தடை விதிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, சட்டமன்றத்துக்கே உரியது என்று அம்மாகாண உச்சநீதிமன்றம் 2006இல் கூறியது. கொலராடோ உச்சநீதிமன்றம் 2012இல் அதே திசையில் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா உச்சநீதிமன்றமோ 2011இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் தடையை ஏற்றது. டெக்சாஸ், கான்சாஸ், ஜார்ஜியா ஆகியவை 2016, 2017ஆம் ஆண்டுகளில் அரசுப் பல்கலைக்கழகங்களின் கதவைத் துப்பாக்கிக்குத் திறந்தன. ஒரே பாடத்தைப் பயிலும் இரு மாணவர்களில், ஒருவருடைய வகுப்பில் ஆயுதம் சட்டவிரோதம். மற்றவருடைய வகுப்பில் அது உரிமை.

வர்ஜீனியா டெக் சொன்னதும் சொல்லாததும்

இன்றைய விவாதத்தின் தொடக்கப்புள்ளி 2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டார். இறந்தவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து, நீரியல் துறையில் மதிப்புமிக்க அறிஞராக உயர்ந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். நாரிஸ் மண்டபத்தில் தமது வகுப்பை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர்களுடன் அவரும் கொல்லப்பட்டார். அதே கட்டடத்தில், நாஜிக்களின் இன அழிப்பிலிருந்து உயிர் தப்பி வந்திருந்த பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு, வகுப்பறைக் கதவைத் தம் உடலால் தடுத்து நின்றார். அவருடைய மாணவர்கள் சன்னல் வழியே குதித்துத் தப்பினர், அவர் இறந்தார்.

உரிமம் பெற்றவர்கள் வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவர வழிசெய்யும் மசோதா ஒன்று, அதற்கு ஓராண்டுக்கு முன்னர் வர்ஜீனியா சட்டமன்றக் குழுவிலேயே முடங்கிப்போயிருந்தது. ஆகவே அந்தத் துயரத்திலிருந்து உடனடியாக இரண்டு முடிவுகள் பிறந்தன. லோகநாதனின் வகுப்பில் ஒரேயொருவரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பர் என்றது ஒரு தரப்பு. துப்பாக்கியே எளிதில் கிடைக்காதிருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்றது மறுதரப்பு.

இரண்டு தரப்பும் உரக்கப் பேசியதில் மூன்றாவது உண்மை அமுங்கியது. கொலையாளி இரு கைத்துப்பாக்கிகளையும் உரிமம் பெற்ற விற்பனையாளர்களிடம், பின்னணிச் சோதனைக்குப் பின்னரே வாங்கினார். 2005 டிசம்பரிலேயே அவர் தமக்குத் தாமே ஆபத்தானவர் என்று சிறப்பு நீதிபதி முடிவு செய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தார். கூட்டாட்சிச் சட்டப்படி அவர் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்படாதவர்களின் பெயரை வர்ஜீனியா அப்போது சோதனைப் பட்டியலுக்கு அனுப்புவதில்லை. பல்கலைக்கழக வாசலில் தடைப் பலகை இருந்ததா இல்லையா என்பதைவிட இந்த ஓட்டைக்குப் பொறுப்பு அதிகம். 2008 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் இதைச் சரிசெய்யவே முனைந்தது. துப்பாக்கி உரிமையாளர் அமைப்புகளும் கட்டுப்பாட்டு ஆதரவாளர்களும் ஒன்றுபட்டு ஏற்ற அரிய சட்டங்களுள் அது ஒன்று.

ஆயுதம் ஏந்திய நல்லவர்

'ஆயுதம் ஏந்திய நல்லவர் இருந்திருந்தால்' என்ற வாதத்தை ஏளனம் செய்து ஒதுக்குவது நேர்மையாகாது. அதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. அவற்றை நெருங்கிப் பார்ப்பதே நேர்மை.

1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவர் வளாகத்தில் நடமாடியவர்களைச் சுட்டு வீழ்த்தியபோது, ஊர்மக்கள் சிலர் வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்து வந்து கீழிருந்து சுட்டனர். அதனால் கொலையாளி தலையைத் தூக்கிச் சுட இயலாமல் போனது என்பது உண்மை. மேலே ஏறிச் சென்ற காவலர்களுக்கும் அதே குண்டுகளால் ஆபத்து நேர்ந்தது என்பதும் உண்மை.

2002 ஜனவரியில் வர்ஜீனியாவின் கிரண்டி என்ற ஊரில், அப்பலாச்சியன் சட்டக் கல்லூரியில் முதல்வர், பேராசிரியர், மாணவி ஆகிய மூவர் கொல்லப்பட்டனர். மாணவர்கள் இருவர் தத்தம் காரிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து கொலையாளியை மடக்கினர் என்பது வளாகத்தில் துப்பாக்கியை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு. அந்த இருவரும் காவல்துறைப் பயிற்சி பெற்றவர்கள். கொலையாளி துப்பாக்கியைக் கீழே வைத்தது அவர்களைக் கண்டதாலா, அதற்கு முன்னரேவா என்பதில் நேரில் பார்த்தவர்களின் சாட்சியங்கள் வேறுபடுகின்றன. அவரை முதலில் பாய்ந்து தள்ளியவர் கையில் ஆயுதம் ஏதும் இல்லாத இன்னொரு மாணவர்.

அம்ப்குவா கல்லூரியிலோ, படுகொலை நடந்த நேரத்தில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருந்த முன்னாள் படைவீரர் ஒருவர் வளாகத்தில் இருந்தார். தாம் சற்றுத் தொலைவில் இருந்ததாகவும், விரைந்து வரும் காவல்படை தம்மையே கொலையாளி என்று கருதக்கூடும் என்பதால் தலையிடவில்லை என்றும் அவர் பின்னர் தொலைக்காட்சியில் கூறினார். பயிற்சி பெற்றவரின் தெளிவான கணிப்பு அது. பயிற்சி இல்லாதவருக்கு அந்தத் தெளிவு அமையும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

தனி நிகழ்வுகளை விட்டுத் தொகுப்புக்கு வருவோம். 2000 முதல் 2013 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த இத்தகைய 160 துப்பாக்கிச்சூட்டு நிகழ்வுகளை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. ஆயுதமற்ற பொதுமக்கள் கொலையாளியை மடக்கியவை 21. காவல்துறை சாராத ஆயுதம் ஏந்தியோர் எதிர்த்துச் சுட்டதால் முடிந்தவை 5. அந்த ஐந்திலும் ஒன்று தவிர மற்றவற்றில் சுட்டவர்கள் பணியிலிருந்த பாதுகாவலர்கள். ஆயுதமற்றோரின் எண்ணிக்கை அவர்களைவிடப் பன்மடங்கு என்பதால் இவ்விரு எண்களை நேராக ஒப்பிட்டு வீரத்தை அளக்க முடியாது. ஆனால் ஆயுதம் ஏந்திய குடிமகனே படுகொலைக்கு மருந்து என்ற நம்பிக்கைக்கு இந்தப் பட்டியல் துணை நிற்கவில்லை.

எண்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த விவாதத்தில் புழங்கும் ஒரு புள்ளிவிவரத்தைப் பற்றிச் சற்று விளக்க விரும்புகிறேன். அமெரிக்கர்கள் ஆண்டுக்கு 25 லட்சம் முறை தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்துகின்றனர் என்ற கூற்று அடிக்கடி வரும். 1995இல் கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட கணிப்பு அது. குற்றத்துக்கு ஆளானோர் பற்றி அமெரிக்க அரசு நடத்தும் ஆய்வின்படியோ அந்த எண் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் அல்லது அதற்கும் கீழ். இரண்டும் ஒரே நாட்டைப் பற்றியவை. எப்படி இவ்வளவு வேறுபாடு?

கிளெக் குழு சுமார் 5,000 பேரைத் தொலைபேசியில் கேட்டது. ஓராண்டுக்குள் பயன்படுத்தியதாகச் சொன்னோர் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். அதை நாட்டின் வயதுவந்தோர் தொகையால் பெருக்கியதில் கிடைத்ததே 25 லட்சம். இங்குதான் சிக்கல். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். உண்மையில் ஆயிரத்துக்கு ஒருவர்தான் பயன்படுத்தினார் என்று கொள்வோம். 5,000 பேரில் அவர்கள் ஐவர். மீதமுள்ள 4,995 பேரில் நூற்றுக்கு ஒருவர் மட்டும் பழைய நிகழ்வை இந்த ஆண்டு நடந்ததாக நினைத்தோ, மிகைப்படுத்தியோ 'ஆம்' என்றால், தவறான விடைகள் ஐம்பது. ஐந்து என்பது ஐம்பத்தைந்தாகிவிடுகிறது. மறுபுறம், உண்மையைச் சொல்லாமல் மறைப்போர் அதிகபட்சம் அந்த ஐவர்தான். அரிதான ஒன்றை அளக்கும்போது பிழை எப்போதும் மேல்நோக்கியே இழுக்கும். ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் ஹெமென்வே இதைத்தான் சுட்டிக்காட்டினார்.

'துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும்' என்று 1990களில் வாதிட்டவர் பொருளாதார அறிஞர் ஜான் லாட். அந்த முடிவை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ போதிய ஆதாரம் இல்லை என்று 2004இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு அறிவித்தது. அதன் பின்னர் ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹியூவும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, துப்பாக்கியை எடுத்துச் செல்லும் உரிமையைத் தளர்த்திய மாகாணங்களில் பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றம் எதிர்பார்த்ததைவிட 13 முதல் 15 விழுக்காடு கூடுதல். தற்காப்புச் சட்டத்தை விரிவாக்கிய மாகாணங்களைச் செங் செங், மார்க் ஹோக்ஸ்ட்ரா இருவரும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். திருட்டோ கொள்ளையோ குறையவில்லை. கொலைகள் சுமார் 8 விழுக்காடு கூடின. இவையெல்லாம் மாகாணம் முழுமைக்குமான ஆய்வுகள். கல்லூரிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் தளர்த்தினால் பாதுகாப்பு பெருகும் என்று கூறுவோர் மீதே நிரூபிக்கும் சுமை இன்று இருக்கிறது.

தடை எதைச் செய்யும், எதைச் செய்யாது?

தடையின் ஆதரவாளர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாகத் துணிந்து வரும் கொலையாளியை வாசலில் தொங்கும் பலகை தடுக்காது. 2025 ஏப்ரலில் துப்பாக்கிக்குத் தடை உள்ள புளோரிடா மாகாணப் பல்கலைக்கழகத்தில் இருவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில், துப்பாக்கிக்கு அனுமதி உள்ள யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் அரசியல் பேச்சாளர் சார்லி கிர்க், கூரை மேலிருந்து சுடப்பட்டு இறந்தார். முன்னதைக் கொண்டு தடை தோற்றது என்பதும், பின்னதைக் கொண்டு அனுமதி தோற்றது என்பதும் ஒரே வகைப் பிழை.

தடை பயன் தருவது அன்றாட நாள்களில். பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயது வரையிலானோர் வீட்டை விட்டு முதன்முறையாகத் தனித்து வாழும் இடம் கல்லூரி விடுதி. மது, காதல் முறிவு, தேர்வுத் தோல்வி, குழுச் சண்டை அனைத்தும் அங்கே உண்டு. தற்கொலை எண்ணம் பல நேரங்களில் சில மணி நேரமே நீடிப்பது. மாத்திரையை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகளே. படுகொலைகளைப் பற்றியே பேசும் விவாதத்தில் இந்த இளைஞர்கள் கணக்கில் வருவதே இல்லை.

'சட்டத்தை மதிப்பவரை மட்டுமே தடை நிராயுதபாணியாக்கும்' என்ற வாதத்துக்கும் இதில் விடை இருக்கிறது. தகராறில் சுடுபவரும், தம்மைத் தாமே சுட்டுக்கொள்பவரும் பெரும்பாலும் அந்த இரவு வரை சட்டத்தை மதித்தவர்களே. அவர்களைத்தான் தடை காக்கிறது.

எனினும் தற்காப்பு வாதத்தின் மிக வலுவான முகம் ஒன்று உண்டு. நெவாடாவில் 2007இல், உரிமம் பெற்றிருந்தும் வளாக விதியை மதித்துத் துப்பாக்கியை விட்டுவந்த மாணவி ஒருவர் இரவில் வாகன நிறுத்துமிடத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். என் பாதுகாப்பை நீங்கள் பறித்தீர்கள், பதிலுக்கு என்ன தந்தீர்கள் என்பதே பின்னர் பல சட்டமன்றங்களில் அவர் அளித்த சாட்சியத்தின் சாரம். இதற்குப் புள்ளிவிவரம் விடையாகாது. ஒருவரிடம் ஆயுதத்தை விட்டுவரச் சொல்லும் நிறுவனம், அவரைக் காக்கும் கடமையையும் உடன் ஏற்கிறது. விளக்குகள், இரவுத் துணைச் சேவை, காவல் ரோந்து, மனநல ஆலோசகர், மிரட்டல்களை முன்கூட்டியே ஆராயும் குழு ஆகியவை இல்லாத தடை பாதித் தடைதான். பாடம் சார்ந்த நடவடிக்கைகளின்போது முன்னறியக்கூடிய வன்முறையிலிருந்து மாணவரைக் காக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பிற மாகாணங்களும் பின்பற்ற வேண்டிய திசை அது.

வகுப்பறையின் விலை

துப்பாக்கியைச் சுமப்பவர் தம் மன நிம்மதியைக் கணக்கிட்டே முடிவெடுக்கிறார். அருகில் அமர்ந்திருப்பவரின் அச்சம் அவர் கணக்கில் இல்லை. பொருளாதாரத்தில் இதைப் புற விளைவு என்போம். ஆலைப் புகையைப் போன்றது. டெக்சாஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 1 அன்று; கோபுரப் படுகொலையின் சரியாக ஐம்பதாவது ஆண்டு நாள். அதற்கு முந்தைய ஆண்டே, அங்கு நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பொருளாதார அறிமுகப் பாடம் நடத்திவந்த தொழிலாளர் பொருளாதார அறிஞர் டேனியல் ஹேமர்மெஷ், இனி அந்த வகுப்பை நடத்தப்போவதில்லை என்று அறிவித்தார். அதிருப்தியுற்ற மாணவர் ஒருவர் தம்மைச் சுடும் வாய்ப்பு கூடிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். ஆஸ்டினில் மூன்று பேராசிரியைகள் தொடுத்த வழக்கை, அவர்கள் அஞ்சும் தீங்கு உறுதியானதல்ல என்று 2018இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது.

அந்தத் தீங்கு அரிதானதாகவே இருக்கலாம். ஆனால் மாணவரின் விடைத்தாளில் தோல்வி மதிப்பெண் எழுதும் கையில் சிறு தயக்கம் ஏற்பட்டால், ஒரு கருத்தை மறுத்துப் பேச எழும் மாணவி ஒரு கணம் யோசித்து அமர்ந்தால், அந்த இழப்பு எந்தக் காவல்நிலையப் பதிவேட்டிலும் ஏறாது. அச்சமின்றி ஒருவரை ஒருவர் மறுக்கலாம் என்ற உறுதியின் மீதுதான் வகுப்பறை நிற்கிறது.

டெக்சாஸ் சட்டம் தனியார் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவுரிமை அளித்தது. அரசியலில் பழைமைவாதச் சாய்வும் மத அடித்தளமும் கொண்ட நிறுவனங்கள் உட்பட, ஏறத்தாழ அனைத்தும் தடையைத் தொடரவே முடிவு செய்தன. பேச்சைவிடத் தெரிவே விருப்பத்தைக் காட்டும் என்று பொருளாதாரம் சொல்லும். தாமே முடிவெடுக்கும் உரிமை பெற்ற கல்வி நிறுவனங்கள் எதைத் தேர்ந்தன என்பது கவனத்துக்குரியது.

இனி நீதிமன்றங்களின் கையில் நிறைய இருக்கிறது. பள்ளிகள் போன்ற நுண்ணிய இடங்களில் தடை செல்லும் என்று 2008இல் கூறிய அமெரிக்க உச்சநீதிமன்றம், 2022இல் பொதுவெளியில் ஆயுதம் ஏந்தும் உரிமையை உறுதி செய்து, எந்தக் கட்டுப்பாடும் வரலாற்று மரபில் வேர் கொண்டிருக்க வேண்டும் என்றது. 1824ஆம் ஆண்டின் ஆட்சிக்குழு விதி இன்று வெறும் வரலாற்றுத் துணுக்கு அன்று. வழக்காடுமன்றத்தில் எடை கொண்ட சான்று.

தற்காப்பு என்பது ஒரு மனிதர், ஒரு கணம், ஓர் ஆபத்து பற்றிய வினா. நிகழ்ந்த பின் ஜூரிகள் விடை காண்பது. வளாக விதி என்பது பல்லாயிரம் பேர், எல்லா அறைகள், எல்லா இரவுகள் பற்றிய வினா. நிகழும் முன்பே விடை காண வேண்டியது. முதல் வினாவுக்கான விடையை எடுத்து இரண்டாவதற்குப் பொருத்த முடியாது. தமக்கு நேர்ந்த தாக்குதலில் ஒருவர் ஆயுதம் எடுத்தது நியாயமாக இருக்கலாம். அதனால் அனைவர் கையிலும் ஆயுதம் இருப்பது நியாயமாகிவிடாது.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் மூன்று செய்திகளைக் கேட்டறியலாம். அந்த மாகாணத்திலும் வளாகத்திலும் ஆயுத விதி என்ன, விடுதிக்கும் காருக்கும் அது பொருந்துமா? இரவில் தனியே வரும் மாணவருக்கு என்ன துணை உண்டு? மனம் உடைந்த மாணவரோ, அவரைக் கண்டு கவலைப்படும் அறைத் தோழரோ யாரிடம் சென்று சொல்ல வேண்டும்? மூன்றாவது வினாவுக்குத் தெளிவான விடை இல்லாத வளாகத்தில், முதல் இரண்டுக்கும் கிடைக்கும் நல்ல விடைகள் அதிகம் உதவப்போவதில்லை.